கைராசியும் சான்றிதழும்: பிலிப்பைன்ஸ் நாட்டு வைத்தியம் பற்றி ஒரு மதிப்பீடு

எங்கள் ஊரில் யாருக்காவது கழுத்திலோ முதுகிலோ சுளுக்குப் பிடித்துவிட்டால் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழக்கம் கிடையாது. "ரெட்டப்புள்ளக்காரிகிட்டப் போயி வழிச்சுக்கிட்டு வா" என்பார் என் அப்பத்தா. இரட்டைப் பிள்ளை பெற்ற தாயின் கைக்குச் சுளுக்குக் கட்டுப்படும் என்பது நம்பிக்கை. அந்த அம்மா விளக்கெண்ணெயைத் தொட்டு மூன்று நாள் காலையில் வழித்துவிடுவார். காசு கேட்கமாட்டார். வெற்றிலை பாக்கோ அரைப்படி அரிசியோ கொடுத்தால் வாங்கிக்கொள்வார். தில்லிக்குக் குடிவந்து முப்பத்தைந்து ஆண்டுகள் ஆகிவிட்ட எனக்கு இதெல்லாம் மறந்தே போயிருந்தது. அதை நினைவூட்டியது மணிலா நகரம்.

2012ல் அலுவலகப் பயிற்சிக்காக அங்கே மூன்று வாரம் தங்கியிருந்தேன். விமானத்தில் கோணலாக உட்கார்ந்து தூங்கியதில் கழுத்து திரும்பவில்லை. தங்கியிருந்த விடுதியிலேயே 'ஹிலோட்' என்ற பலகை மாட்டிய ஓர் அறை இருந்தது. உள்ளே ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மையார். வாழை இலையைக் கீற்றாகக் கிழித்து, தேங்காய் எண்ணெய் தடவி, என் முதுகின் மேல் மெல்ல இழுத்தார். இலை வழுக்கிக்கொண்டு போன இடத்தில் குற்றமில்லையாம். ஒட்டிக்கொண்டு நின்ற இடத்தில்தான் நோயாம். வாழை இலையும் தேங்காய் எண்ணெயும்! நம் வீட்டுச் சமையலறைக்குள் படுத்திருப்பது போலிருந்தது எனக்கு. சுவரில் கண்ணாடிச் சட்டமிட்ட அரசுச் சான்றிதழ் தொங்கியது. "யாரிடம் கற்றீர்கள்?" என்று கேட்டேன். சான்றிதழைக் காட்டினார். பிறகு குரலைத் தாழ்த்தி, "உண்மையில் என் பாட்டியிடம், சார். ஆனால் பாட்டி பெயர் அதில் இல்லை" என்றார்.

அந்த ஒரு வாக்கியம்தான் இக்கட்டுரைக்கு வித்து. நாட்டு வைத்தியத்துக்குச் சான்றிதழ் கொடுப்பதும் அதை உலகெங்கும் பரப்புவதும் நல்லதா, கெட்டதா என்று பொத்தாம் பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. சான்றிதழ் எதைக் காக்கிறது, எதை விட்டுவிடுகிறது என்று பிரித்துப் பார்க்கவேண்டும்.

முதலில் 'ஹிலோட்' என்றால் என்ன? பிடித்துவிடுதல், வழித்தல், மூட்டைச் சரிசெய்தல் ஆகியவற்றைக் குறிக்கும் டகாலோக் மொழிச் சொல் அது. பேறுகாலம் பார்க்கும் மருத்துவச்சிக்கும் நாட்டுப்புறத்தில் அதே பெயர்தான். மூலிகை கொடுப்பவர் 'ஆல்புலார்யோ'. இது ஸ்பானியர் விட்டுச்சென்ற சொல். படிகாரம் கொண்டு குறி பார்ப்பதும் உண்டு. நம் வீட்டு வாசலில் திருஷ்டிக்குக் கட்டுகிறோமே, அதே படிகாரம்தான். கால் முதலில் வெளிவந்து பிறந்தவரை 'சூஹி' என்பார்கள். அவர் கைக்கு வழித்துவிடும் ராசி உண்டென்றும், தொண்டையில் சிக்கிய மீன்முள்ளை அவர் தடவியே இறக்கிவிடுவார் என்றும் நம்பிக்கை. நமக்கு இரட்டைப் பிள்ளைக்காரி, அவர்களுக்குச் சூஹி. கடல் கடந்தும் மனித மனம் ஒன்றுதான் போலும்.

இந்த வைத்தியத்தை அரசு கைதூக்கிவிட்ட வரலாறு பாராட்டத்தக்கது. 1992ல் சுகாதார அமைச்சரான டாக்டர் ஹுவான் ஃபிளேவியர் பாரம்பரிய மருத்துவத்துக்கென ஒரு திட்டத்தைத் தொடங்கினார். ஆராய்ந்து தேர்ந்த பத்து மூலிகைகளை அரசே மக்களுக்குப் பரிந்துரைத்தது. அப்பட்டியலைப் பார்த்தால் நமக்கு அந்நியமாகவே தோன்றாது. பூண்டு, பாகற்காய், கொய்யா இலை, படர்தாமரைக்குச் சீமையகத்தி எல்லாம் அதில் உண்டு. முதலிடத்தில் வைத்துப் பேசப்படும் 'லகுண்டி' வேறொன்றுமில்லை, நம் நொச்சியேதான். புறத்திணையில் மதில் காப்பவர் சூடிய பூவுக்குரிய அதே நொச்சி! அப்பத்தா ஆவி பிடிக்கப் போட்ட தழை, அங்கே இருமல் மாத்திரையாகவும் சிரப்பாகவும் மருந்துக்கடையில் விற்கிறது. இது வெற்றுப் பெருமைப் பேச்சில் விளைந்ததன்று. ஆய்வுக்கூடத்தில் சோதித்து, அளவு கண்டு, ஏழைக்கும் எட்டும்படி செய்த வேலை.

செனட்டரான பிறகு ஃபிளேவியர் முன்னின்று கொண்டுவந்த பாரம்பரிய, மாற்று மருத்துவச் சட்டம் 1997 டிசம்பரில் நிறைவேறியது. அதன்கீழ்ப் பிறந்த தேசிய நிறுவனம் ஹிலோட் செய்பவர்களுக்கும் பயிற்சி நிலையங்களுக்கும் அங்கீகாரம் தருகிறது. தொழிற்பயிற்சித் துறை தனியாக ஒரு சான்றிதழ் தருகிறது.

இதெல்லாம் எதற்கு, கைராசி போதாதா என்று கேட்பவர்கள் பாகியோ நகரத்தின் கதையை அறியவேண்டும். கத்தியில்லாமல், வெறும் விரலாலேயே வயிற்றைத் திறந்து கட்டியை எடுக்கிறோம் என்று சிலர் அங்கே கடை விரித்தார்கள். வெளிநாட்டு நோயாளிகள் விமானம் விமானமாக வந்திறங்கினார்கள். இது முழுப் பொய் என்று கண்டு, இத்தகைய பயணங்களை விற்ற ஏஜென்சிகளை 1975ல் அமெரிக்க வர்த்தக ஆணையம் தடுத்தது. அப்படியும் நின்றதா? அமெரிக்க நகைச்சுவை நடிகர் ஆண்டி காஃப்மன் நுரையீரல் புற்றுநோயோடு 1984 மார்ச்சில் பாகியோ போனார். மே மாதம் இறந்தார், 35 வயதில். பகிர்தல் என்ற பெயரில் கண்கட்டு வித்தை ஏற்றுமதியாகும்போது, இடையில் யாரேனும் நின்று சோதிக்கத்தான் வேண்டும். ஆகவே சான்றிதழே கூடாது என்பார் கட்சியில் நான் இல்லை.

ஆனால் சோதிப்பது வேறு, கூறுபோடுவது வேறு. தொழிற்பயிற்சித் துறையின் சான்றிதழுக்கு வைத்திருக்கும் பெயரைக் கவனியுங்கள்: 'ஹிலோட் (நல்வாழ்வு மசாஜ்)'. அடைப்புக்குறிக்குள் போட்ட அந்த இரண்டு சொற்களில் ஒரு முழு வைத்தியமும் சுருங்கிவிட்டது. சுற்றுலாப் பயணியின் களைப்பைப் போக்கும் பகுதி உள்ளே வந்தது. எலும்பு, குழந்தை, பேறுகாலம், அச்சம், கண்ணேறு என்று கிராமத்து அம்மா பார்த்துவந்த மற்றதெல்லாம் வெளியே நின்றது.

வெளியே நின்றதோடு போகவில்லை. பிரசவத்தில் தாய்மாரும் சிசுக்களும் இறப்பதைக் குறைக்க 2008ல் சுகாதாரத் துறை ஓர் ஆணை பிறப்பித்தது. பிரசவங்கள் மருத்துவ நிலையங்களில் நடக்கவேண்டும் என்பது அதன் நோக்கம். அதைப் பின்பற்றிப் பல உள்ளாட்சிகள் வீட்டுப் பிரசவத்தைத் தடைசெய்து, பிரசவம் பார்க்கும் ஹிலோட்டுக்கு அபராதம் விதித்தன. நோக்கம் நியாயமானது, உதிரப்போக்கை எந்தக் கைராசியும் நிறுத்திவிடாது. ஆயினும் விளைவைப் பாருங்கள். ஒரே சொல், நகரத்து விடுதியில் அதற்குச் சட்டமிட்ட சான்றிதழ், மலைக்கிராமத்தில் அதற்கு அபராதச் சீட்டு. என் கழுத்தைச் சரிசெய்த அம்மையாரின் பாட்டி மருத்துவச்சிதான். "இப்போது யாரும் கூப்பிடுவதில்லை, கூப்பிட்டாலும் போகப் பயம்" என்றார் பேத்தி. இவ்வளவு காலம் ஊர் நம்பிய ஒருவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துவரும் துணையாக ஆக்கியிருக்கலாம். அந்த ஆணையிலேயே அதற்கு இடமும் இருந்தது. அபராதம் விதிப்பதுதான் எளிதாகத் தெரிந்தது போலும்!

இனி வெளிநாட்டுக்கு வருவோம். அமெரிக்காவில் வாழும் பிலிப்பினோக் குடும்பங்களின் பிள்ளைகள் தம் வேரைத் தேடத் தொடங்கியதன் பயனாக 2010ல் இரண்டு ஆங்கில நூல்கள் வந்தன. ஒன்று வர்ஜில் மேயர் அப்போஸ்டல் எழுதிய 'பண்டை வைத்தியனின் வழி'. மற்றொன்று லெனி ஸ்ட்ரோபெல் தொகுத்த 'பாபைலான்' என்னும் கட்டுரைத் தொகுதி. பாபைலான் என்போர் ஸ்பானியர் வருமுன் ஊருக்குப் பூசாரியாகவும் வைத்தியராகவும் விளங்கியோர்; பெரும்பாலும் பெண்கள். பாதிரியார்கள் அவர்களைச் சூனியக்காரிகள் என்று ஒடுக்கினார்கள். இழிவாக்கப்பட்ட அந்தப் பெயரைப் பேத்திமார் மீண்டும் தலையில் சூடிக்கொள்வதில் ஒரு நியாயம் இருக்கிறது. வெளிமாநிலத்தில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லித்தரப் படாதபாடு படும் நாம் அந்தத் தாகத்தைக் குறைசொல்ல முடியாது.

இருந்தாலும் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. அவர்களுக்குள்ளேயே எழுந்த கேள்விதான் அது. ஊர் கூடிக் கொடுத்த பட்டத்தை, ஊரை விட்டு வெகுதூரம் வந்தவர் தாமே எடுத்துச் சூடிக்கொள்ளலாமா? நாட்டில் அரசு சான்றிதழ் தருகிறது. வெளிநாட்டில் ஆர்வமுள்ளவர் தமக்குத் தாமே சான்றிதழ் தந்துகொள்ளும் அபாயம் இருக்கிறது. இரண்டிலும் காணாமற்போவது அதே பாட்டிதான்.

வியப்பு என்னவென்றால், இதற்கு விடை அந்த 1997 சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. பழங்குடிச் சமூகங்கள் தம் மருத்துவ அறிவுக்குத் தாமே உரிமையாளராக வழிகாண்பது அரசின் கொள்கை என்கிறது அதன் இரண்டாம் பிரிவு. வெளியார் அதைப் பயன்படுத்தினால் மூலத்தை ஒப்புக்கொள்ளச் சொல்லலாம், வணிக வருவாயில் பங்கு கேட்கலாம் என்றும் கூறுகிறது. அதே ஆண்டு அக்டோபரில் வந்த பழங்குடியினர் உரிமைச் சட்டமும் முன்கூட்டிய சம்மதம் பெறவேண்டும் என்கிறது. ஆக, 'இது பாதுகாப்பானதா?' என்பது ஒரு கேள்வி, 'இது யாருடையது?' என்பது இன்னொரு கேள்வி. முதல் கேள்விக்கு விடை சுவரில் தொங்கியது. இரண்டாம் கேள்விக்கு விடையை நான் எந்தச் சுவரிலும் காணவில்லை. என் துணிபு இதுதான்: கையின் திறமைக்குச் சான்றளிக்கும் தாளில், அக்கையைப் பழக்கியவர் பெயருக்கும் ஊருக்கும் ஒரு வரி இருக்கவேண்டும். செலவில்லாத திருத்தம், ஆனால் ஸ்பாக்காரர் முதல் அமெரிக்க ஆசிரியர் வரை எல்லாரையும் பதில் சொல்ல வைக்கும் திருத்தம்.

அவர்களைச் சொல்லிவிட்டு நம்மை விட்டுவிடுவது முறையன்று. நம் மஞ்சளுக்கு 1995ல் அமெரிக்காவில் கொடுத்த காப்புரிமையை நம் விஞ்ஞானக் கழகம் வாதாடி 1997ல் ரத்துசெய்ய வைத்தது. அதன்பின் பாரம்பரிய அறிவு மின்னூலகம் உருவானது. சித்த மருத்துவ நூல்களும் அதில் ஏறியுள்ளன. மிக நல்ல காரியம். ஆனால் அது நூலில் உள்ளதைக் காக்கும். நூலில் ஏறாத கைகளை யார் காப்பது?

இதை எழுத உட்கார்ந்தபோது எனக்குச் சுளுக்கு வழித்த அந்த அம்மாவின் பெயரை நினைத்துப் பார்த்தேன். வரவில்லை. ஊருக்குப் போன் போட்டுச் சித்தப்பாவைக் கேட்டேன். "ரெட்டப்புள்ளக்காரின்னுதான்டா சொல்லுவோம். பேரு யாருக்குத் தெரியும்?" என்றார். மணிலாப் பேத்திக்காவது தன் பாட்டியின் பெயர் தெரியும். ஆகவே அன்பர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது கஷாயத்தின் செய்முறையை மட்டும் எழுதிக்கொண்டு வராதீர்கள். காய்ச்சியவர் பெயரை முதல் வரியில் எழுதுங்கள்.