தாஜ்மகாலும் தமிழ்ப் பயணக் கட்டுரையும்

ஏ. கே. செட்டியாரின் ‘உலகம் சுற்றும் தமிழன்’ 1940-ல் வெளிவந்தது. அதன்பின் பயணக் கட்டுரை தமிழில் ஒரு தனித்துறையாகவே வளர்ந்து, ஏடுகளிலும் பள்ளி ஆண்டு மலர்களிலும் நிலையான இடம் பெற்றுவிட்டது. மலேசியத் தமிழரும் இத்துறைக்குக் குறைவின்றி எழுதியுள்ளனர். அவற்றுள் ஒரு வகை மட்டும் ஆண்டுதோறும் முகம் மாறாமல் பிறந்துகொண்டே இருக்கிறது. பள்ளி விடுமுறையில் டில்லி, ஆக்ரா சென்று திரும்பியவர் எழுதும் கட்டுரையே அது.

அதன் போக்கு எல்லோருக்கும் தெரிந்ததே. விடியற்காலையில் டில்லியில் பஸ் புறப்படும், நண்பகலுக்குள் தாஜ்மகால், பிற்பகலில் ஆக்ராக் கோட்டை, நள்ளிரவில் மீண்டும் விடுதி. கட்டுரையும் பஸ்ஸின் பின்னாலேயே ஓடும். தாஜ்மகாலை அடைந்தவுடன் அது ‘கண்கொள்ளாக் காட்சி’ ஆகும். அடுத்த வரியில் ‘சொல்லில் அடங்காது’ என்று முடியும். சொல்லில் அடக்குவதற்கென்றே பேனா எடுத்தவர் இவ்வாறு கூறுவது விந்தையே. அவ்விடத்தில் கட்டுரை உண்மையில் நின்றுவிடுகிறது. எஞ்சிய பக்கங்களை வழிகாட்டி சொன்ன கதைகள் நிரப்புகின்றன.

அக்கதைகள் பெரும்பாலும் இரண்டு. கட்டடம் முடிந்ததும் ஷாஜஹான் சிற்பிகளின் கைகளை வெட்டினான் என்பது ஒன்று. யமுனையின் மறுகரையில் தனக்கெனக் கறுப்புப் பளிங்கில் இன்னொரு தாஜ் எழுப்ப எண்ணினான் என்பது மற்றொன்று. முதற்கதைக்கு அக்காலச் சான்று எதுவும் இல்லை. மாறாக, சுவரில் குர்ஆன் வாசகங்களைப் பொறித்த அமானத்கான் தம் பெயரையும் அங்கேயே பொறித்துச் சென்றிருக்கிறார். தலைமைக் கட்டடக் கலைஞராகக் கருதப்படும் உஸ்தாத் அகமது லாகூரி, 1639-ல் தொடங்கிய டில்லிச் செங்கோட்டைப் பணியிலும் ஈடுபட்டவர். இரண்டையும் அவர் மகன் தம் பாடலில் பதிந்து வைத்துள்ளார். வெட்டப்பட்ட கைகளுக்கு அடுத்த கோட்டையின் வேலையை யார் கொடுப்பார்? கறுப்புத் தாஜ் கதை, பிரெஞ்சுப் பயணி தவர்னியே எழுதி வைத்ததிலிருந்து வளர்ந்தது. 1990-களில் மறுகரையை அகழ்ந்தபோது கிடைத்தது நிலவுத் தோட்டம் எனப்படும் மேதாப் பாக்கின் எண்கோணக் குளமே. வெண்ணிறத் தாஜின் நிழல் விழும்படி அமைந்த குளம் அது.

பெக்கான் நானாஸில் வளரும் பிள்ளையிடம் வெளியூரார் ஒருவர் அன்னாசி மரத்தில் காய்க்கிறது என்று எழுதிக் காட்டினால் அது சிரிக்கும். சதுப்பு மண்ணில் முழங்கால் உயரச் செடியின் நடுவில் அப்பழம் உட்கார்ந்திருப்பதை நாள்தோறும் காண்பது அது. ஆனால் அதே பிள்ளை, தன் ஆசிரியர் பாராட்டி வாசித்த மாதிரிக் கட்டுரையைப் பார்த்து, காணாத தாஜ்மகாலைப் பற்றிக் கைவெட்டுக் கதையைப் பிழையின்றி எழுதி மதிப்பெண் பெறுகிறது. சந்திப்பிழைக்குச் சிவப்பு மை உண்டு, செய்திப்பிழைக்கு இல்லை!

ஒரே நாளில் என்னதான் காண முடியும் என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆயினும் குறை நாளின் நீளத்தில் இல்லை. டில்லியில் ஹுமாயூன் கல்லறையைக் கண்டவர், அது தோட்டத்தின் நட்டநடுவில் நிற்பதைக் கண்டிருப்பார். மறுநாள் ஆக்ராவில் தாஜ் தோட்டத்தின் வடகோடியில், ஆற்றை ஒட்டி நிற்கிறது. ஏன் இந்த மாற்றம் என்று ஒரு கேள்வி எழுந்தால் போதும். ஆற்றுக்கு அப்பாலுள்ள நிலவுத் தோட்டத்தையும் சேர்த்துப் பார்க்க, தாஜ் நடுவுக்கு வந்துவிடும், யமுனை தோட்டத்து வாய்க்கால்களில் ஒன்றாகிவிடும். இதற்குக் கூடுதல் நாள் வேண்டாம், கண் வேண்டும். கோலாலம்பூரில் 1897-ல் எழுந்த சுல்தான் அப்துல் சமாது கட்டடத்தின் செப்புக் குவிமாடங்களை அறிந்தவருக்கு ஒப்பிடவும் பொருள் உண்டு. வெள்ளையர் வடநாட்டு வளைவையும் குவிமாடத்தையும் இரவல் வாங்கி இங்கே அரசு அலுவலகம் கட்டிய கதை சுவையானது.

மும்தாஜையும் இக்கட்டுரைகள் காதலி என்ற ஒரு சொல்லில் முடித்துவிடுகின்றன. 1631-ல் புர்ஹான்பூரில், பதினான்காவது பேற்றில் இறந்த தாய் அவர். தோட்டப்புறங்களில் பேறுகால மரணத்தைக் கண்ட தலைமுறை இன்னும் இருக்கிறது. அச்செய்தியை அறிந்தபின் பளிங்கு வேறு விதமாகத் தெரியும்.

எல்லாவற்றிலும் பெரிய குறை டில்லிச் செங்கோட்டையில் நேர்கிறது. நுழைவாயிற் கடைவீதியில் வாங்கிய கைப்பை கட்டுரையில் இடம்பெறுகிறது, 1945 இடம்பெறுவதில்லை. 1943 ஜூலையில் சிங்கப்பூர்த் திடலில் நேதாஜி ‘டில்லி சலோ’ என முழங்கியபோது, படை சென்றடைய வேண்டிய இடமாகக் குறித்தது இந்தக் கோட்டையைத்தான். அக்குரலைக் கேட்டு மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து தமிழர் திரளாகச் சேர்ந்தனர். பால்வெட்டிய பெண்கள் ஜான்சிராணிப் படையில் துப்பாக்கி ஏந்தினர். அவர்கள் செங்கோட்டையைக் கண்டதில்லை. 1945 நவம்பரில் அப்படையின் அதிகாரிகளான ஷா நவாஸ்கான், சேகல், தில்லான் ஆகிய மூவரும் அக்கோட்டைக்குள்ளேயே விசாரிக்கப்பட்டனர். கடைசி மொகலாயரான பகதூர்ஷாவை 1858-ல் வெள்ளையர் விசாரித்ததும் அங்குதான். நாடு கடத்தப்பட்டு 1862-ல் இரங்கூனில் இறந்த அவர் கல்லறையில், 1943 செப்டம்பரில் நேதாஜி அஞ்சலி செலுத்தினார். ஆக்ராவில் தொடங்கும் வரலாறு இவ்வாறு இரங்கூன் வழியாக ஜொகூர்த் தோட்ட லயம் வரை வந்து சேர்கிறது. இந்நாட்டுத் தமிழரைத் தவிர இதை உரிமையோடு எழுதத்தக்கவர் யார்?

செட்டியார் தம்மை முன்னிறுத்தாமல், சின்னஞ்சிறு வாக்கியங்களில், இடத்தைவிட மனிதரையே மிகுதியாக எழுதினார். அவரைப் பாராட்டுவோர் பலர். அவ்வழியில் எழுதுவோர் சிலர். செங்கோட்டைக்குள் பழைய படைக்குடியிருப்பு ஒன்றில் நேதாஜிக்கும் இந்திய தேசிய இராணுவத்திற்குமான காட்சிக்கூடம் 2019 ஜனவரியில் திறக்கப்பட்டது. பஸ் புறப்படுமுன் அதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்கும் மலேசியத் தமிழாசிரியரிடம், குடும்பத்து மூத்த தலைமுறையினர் அப்படையில் இருந்த மாணவர் பெயர் ஒன்றிரண்டு இருக்கலாம். அவர்கள் வீட்டில் கேட்டு எழுதி வருவதையும் சேர்த்து அடுத்த பள்ளி மலரில் அச்சிடலாம்.