நிகழ்வும் நிகழ்முறையும்: சாய்நாத்தின் வறட்சிப் பதிவுகளில் இதழாளர் கடமை

மக்களுக்குச் செய்தி அறிவிப்பது இதழாளர் கடமை என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. எதைச் செய்தியாகக் கொள்வது, யாருக்கு அறிவிப்பது என்னும் இரு வினாக்களைப் பொறுத்தே அக்கடமையின் தகுதி அமைகிறது. பி. சாய்நாத் எழுதி 1996இல் வெளிவந்த ‘எவ்ரிபடி லவ்ஸ் எ குட் டிராட்’ என்னும் ஆங்கில நூல் இவ்விரு வினாக்களின்வழி இங்கு ஆராயப்பெறுகிறது.

‘டைம்ஸ் ஆஃப் இந்தியா’ நாளிதழில் வெளிவந்த கட்டுரைகளே இந்நூலுக்கு அடிப்படை. அன்றைய ஒரிசா, பீகார், மத்தியப் பிரதேசம் முதலிய மாநிலங்களின் வறிய மாவட்டங்களோடு தமிழகத்தின் இராமநாதபுரமும் புதுக்கோட்டையும் இதன் களங்களாகும்.

பட்டினிச் சாவு நேர்ந்தபோது மட்டும் ஒரிசாவின் காலஹண்டியை நாடுவது செய்தித்தாள்களின் வழக்கமாக இருந்தது. சாவு ஒரு நிகழ்வு. அதற்கு முன்னரே தொடங்கிவிட்ட கடனும் நில இழப்பும் நிகழ்முறை. சராசரியாக ஆண்டுக்குச் சுமார் 1,250 மில்லிமீட்டர் மழை பெறும் அம்மாவட்டத்தின் துயருக்கு வானம் காரணமன்று, நிலமும் நீரும் பங்கிடப்படும் முறையே காரணம் என நூல் வாதிடுகிறது. வறட்சி நிவாரணப் பணம் ஒப்பந்தக்காரர்க்கு வாய்ப்பாவதைச் சுட்டும் அங்கதமே நூலின் பெயர்.

இவ்வாதத்திற்கு ஆசிரியர் கையாளும் சான்றுமுறை குறிப்பிடத்தக்கது. இன்று ஜார்க்கண்டிலுள்ள கோடா மாவட்டத்தில் மிதிவண்டியில் நிலக்கரி ஏற்றித் தள்ளிச் செல்வோரின் சுமை சுமார் 250 கிலோ எனப் பதிவுசெய்கிறார். இராமநாதபுரத்துப் பனையேறி ஒருவர் ஒரு நாளில் ஏறும் மொத்த உயரத்தைக் கணக்கிடுகிறார். மிளகாய் உழவரைத் தரகர் பிணித்து வைக்கும் முறையை விளக்குகிறார். இரக்கச் சொற்களின் இடத்தை அளவைகள் பெறுகின்றன. ஆகவே படிப்போர் இரங்குவதோடு அமையாது காரணத்தை வினவத் தலைப்படுகின்றனர்.

எனினும், இரண்டாம் வினாவிற்கு நூல் தரும் விடை முழுமையானதன்று. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை அறிவொளி இயக்கத்தின்வழி எழுத்தறிவோடு மிதிவண்டியும் பயின்ற பெண்களை இந்நூல் போற்றுகிறது. ஆயின், அப்பெண்கள் பயின்ற எழுத்தில் அது எழுதப்படவில்லை. மிளகாய் உழவரைப் பற்றிய உண்மை நகரத்து ஆங்கில வாசகரைச் சென்றடைந்த அளவிற்கு அவ்வுழவரைச் சென்றடைந்திருக்க இயலாது. எழுதப்படுவோரும் படிப்போரும் வேறுவேறாக இருக்கும்வரை, ‘பொதுமக்களுக்கு அறிவித்தல்’ என்னும் தொடரில் ‘பொது’ என்னும் சொல் குறைபாடுடையதே.

சாய்நாத் 2014இல் தொடங்கிய ‘பாரி’ இணைய இதழ், ஊரக வாழ்வு பற்றிய பதிவுகளைத் தமிழ் உள்ளிட்ட பல இந்திய மொழிகளில் வெளியிடுவது இக்குறையை நீக்கும் முயற்சி எனலாம். நிகழ்முறையை ஆராய்ந்து கூறுவதோடு, அதற்கு உட்பட்டவரின் மொழியிலேயே அதனை அவரிடம் சேர்ப்பதும் இதழாளர் கடமை என்பது இதனாற் பெறப்படும்.