நாலாவது விதி: ஒரு வேட்டைப் படம் பற்றிச் சில குறிப்புகள்

ரைக்கா வைற்றீற்றி இயக்கிய 'ஹண்ற் ஃபோர் த வைல்டர்பீப்பிள்' 2016இல் வெளிவந்த படம். நியூசிலாந்துத் தயாரிப்புகளில் அதுவரை உள்ளூரில் அதிகம் வசூலித்தது என்ற பெயரும் அதற்குக் கிடைத்தது. இங்கே தெற்கு ஒக்லாந்தில், எங்களுடைய வீடுகளில் பிள்ளைகள் அதைப் பலமுறை பார்த்துவிட்டார்கள். வசனங்களைப் பாடமாகச் சொல்லுவார்கள். பெரியவர்களான நாங்கள் வழக்கம்போலப் பிந்தித்தான் பார்த்தோம். அண்மையில் விரியில் நண்பர்கள் சிலர் கூடிப் பார்த்துப் பேசியபோது ஒருவர் 'இது எங்கடை கதை' என்றார். ஓடுகிற இருவர், துரத்துகிற அரசு, நடுவில் காடு. அகதிக்கு வேறென்ன வேண்டும் என்று கேட்டார். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஏன் இல்லை என்பதை அன்றைக்குச் சரியாகச் சொல்ல முடியவில்லை. பேச்சு வழக்கம்போல வேறெங்கோ போய்விட்டது. அதனால்தான் இந்தக் குறிப்புகள்.

பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ரிக்கி பேக்கர் என்ற மாவோரிச் சிறுவன். பல வளர்ப்பு வீடுகள் மாறியவன். சிறுவர் நலத்துறை அவனைக் கொண்டுபோய் ஒரு மலைப்புறப் பண்ணையில் விடுகிறது. அங்கே பெலா, அவளுடைய புருஷன் ஹெக். ஹெக்காக நடிப்பவர் சாம் நீல். பெலா திடீரென்று இறந்துவிட, பிள்ளையைத் திருப்பி எடுக்கப்போவதாக அரசு அறிவிக்கிறது. சிறுவன் காட்டுக்குள் ஓடுகிறான். தேடிப்போன ஹெக் காலை முறித்துக்கொள்கிறார். இருவரும் காட்டில் தங்கிவிட, கிழவன் பிள்ளையைக் கடத்திவிட்டான் என்று நாடு முழுக்கத் தேடல் தொடங்குகிறது. மூலம் பாரி கிரம்ப் 1986இல் வெளியிட்ட 'வைல்ட் போர்க் அன்ட் வோற்றர்கிறெஸ்' என்ற நாவல். கிரம்ப் ஒருகாலத்தில் அரசாங்கச் சம்பளத்துக்கு மான் சுட்டவர். அந்த அனுபவத்தை எழுதித்தான் 1960இல் பிரபலமானார். ஆகவே வேட்டை இந்தக் கதையில் அலங்காரத்துக்கு வந்ததல்ல.

நான் சொல்ல வந்த காட்சி காட்டுக் குடிசையில் நடப்பது. வேட்டைக்காரர் மூன்று பேர், ஹெக், ரிக்கி. தேடப்படுபவர்கள் இவர்கள்தான் என்று அந்த மூவருக்கும் தெரியவருகிறது. ஹெக்கோடு தான் எப்படி இருக்கிறேன் என்று சிறுவன் வெள்ளந்தியாகச் சொல்லச் சொல்ல, அவன் சொல்லும் ஒவ்வொரு சொல்லும் கிழவனை மேலும் மோசமானவனாக்குகிறது. கேட்பவர்கள் வேறு பொருளில் விளங்கிக்கொள்கிறார்கள். திரையரங்கில் இந்த இடத்தில் பெரிய சிரிப்பு எழுமாம். வீட்டில் நாங்களும் சிரித்தோம். ஆனால் குடிசைக்குள் துவக்குகள் இருக்கின்றன. ஆட்கள் கோபமாக இருக்கிறார்கள். வாசல் ஒன்றுதான்.

இந்த நாட்டில் துவக்கு அனுமதிப்பத்திரம் எடுக்கிறவர்கள் ஏழு பாதுகாப்பு விதிகளைப் படிக்கவேண்டும். நாலாவது விதி, உன் இலக்கு எது என்பதை எந்தச் சந்தேகமுமின்றி இனங்கண்டுகொள் என்பது. பற்றையில் அசைவது மானா மனிதனா என்று தெரியாமல் சுடாதே என்பதுதான் அதன் நேர்ப்பொருள். பல சாவுகளுக்குப் பிறகு எழுதப்பட்ட விதி அது. குடிசைக் காட்சியின் நகைச்சுவை முழுவதும் இந்த நாலாவது விதி பிழைப்பதால் வருவது. மூவரும் சுடவில்லை. ஆனால் எதிரில் இருப்பது யார் என்று இனங்காணாமலே முடிவெடுத்துவிட்டார்கள்.

அப்படியானால் நாங்கள் ஏன் பயப்படாமல் சிரிக்கிறோம்? எங்களுக்கு ரிக்கியை ஏற்கெனவே தெரியும். இனங்காணும் வேலையைப் படம் முதல் அரைமணி நேரத்திலேயே எங்களுக்காகச் செய்து முடித்துவிட்டது. செய்தவள் பெலா. ரீமா ரெ வியாற்றாவின் நடிப்பைப் பற்றித் தனியே எழுதவேண்டும். காட்டுப்பன்றியைக் கத்தியால் குத்திக் கொன்று, முகமெல்லாம் இரத்தத்தோடு நிற்கிறவளும் அவள்தான். இரவில் பையனின் படுக்கைக்குள் சுடுதண்ணீர்ப் போத்தல் வைக்கிறவளும் அவள்தான். அவன் முதல் நாட்களில் இரவில் ஓடிப்போகிறான். பண்ணையிலிருந்து கொஞ்சத் தூரம் போனதும் களைத்துப் படுத்துவிடுகிறான். அவள் அவனைப் பிடித்திழுத்து வரவில்லை. காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு வேண்டுமானால் ஓடு என்கிற மாதிரிப் பேசுகிறாள். ஒரு பிள்ளையை வீட்டுக்குள் எடுப்பது எப்படி என்பதற்கு இதைவிட நல்ல காட்சியை நான் எந்தப் படத்திலும் பார்த்ததில்லை. பெலா இறந்த பிறகும் அவளுடைய கண்ணால்தான் நாங்கள் ரிக்கியைப் பார்க்கிறோம். குடிசையிலிருந்த மூவருக்கும் அந்தக் கண் இல்லை.

சில வருடங்களுக்கு முன் ஒரு குளிர்கால இரவு, வேலைத்தலத்து மாவோரி நண்பர் ஒருவரோடு ரூவாக்கவ்வுக்கு அப்பால், வைக்காற்றோ ஆற்றுப் பக்கமாக ஒரு மாட்டுப் பண்ணைக்குப் பொசம் சுடப் போயிருந்தேன். பொசம் 1837இல் தோல் வியாபாரத்துக்கென்று அவுஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட பிராணி. மரத்தைத் தின்னும், பறவைக் குஞ்சைத் தின்னும், மாட்டுக்குக் காசநோய் பரப்பும். அமெரிக்கப் பண்ணைகளில் இரவிரவாகக் கொயோட்டி என்ற நரியினத்துக்குக் காத்திருப்பார்கள். இங்கே காட்டில் நரி என்ற சாதியே இல்லை, அதனால் பொசம். துவக்கும் அனுமதிப்பத்திரமும் நண்பருடையவை. நான் லைற் பிடிக்கிறவன். காணிக்காரரிடம் முன்கூட்டியே கேட்டாயிற்று. வேலிக்கு அப்பால் இருந்தவருக்கு அது தெரியாது. அந்தப் பக்கத்தில் ஆடுகள் களவு போயிருந்ததாம். நாலு சக்கர மோட்டார் சைக்கிளில் வந்தார், பின்னால் நாய், கையில் பலமான லைற். இயந்திரத்தை நிறுத்தாமலே, யார் நீங்கள், யாரைக் கேட்டு வந்தீர்கள் என்றார். நண்பர் அவசரப்படாமல் துவக்கைத் திறந்து, சன்னங்களை எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டு, துவக்கைப் புல்லில் வைத்துவிட்டுக் காணிக்காரரின் பேரைச் சொன்னார். லைற் துவக்கின்மேல் நிற்கவில்லை, நண்பரின்மேலும் நிற்கவில்லை. என் முகத்துக்கு வந்து நின்றது. அப்போது என் இரண்டு கைகளும் தலைக்கு மேலே இருந்தன. உயர்த்தும்படி ஒருவரும் சொல்லவில்லை. நான் பிடித்திருந்த லைற் புல்லில் கிடந்தது. பண்ணைக்காரர் கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு இயந்திரத்தை நிறுத்தினார். 'அதெல்லாம் வேண்டாமப்பா, கையை விடு' என்றார். குரல் மாறியிருந்தது. திரும்பி வரும்போது காரில் நண்பர் அதைப்பற்றி ஒன்றும் கேட்கவில்லை. வீட்டுக்குக் கிட்ட வந்ததும், இனி லைற்றை நான் பிடிக்கிறேன், நீ சும்மா வா என்று மட்டும் சொன்னார்.

ரிக்கி கையை உயர்த்துவதில்லை. இதுதான் என்னுடைய பிரச்சினை. துரத்தப்படுகிறவனின் உடம்புக்கு ஒரு படிப்பு இருக்கிறது. வெளிச்சம் விழுந்தால் என்ன செய்வது, நாய் குரைத்தால் எங்கே நிற்பது, கேள்விக்கு எந்த அளவில் பதில் சொல்வது. வன்னியிலும் கிழக்கிலும் வளர்ந்த எங்களுக்கு அது பள்ளிக்கூடப் பாடத்துக்கு முன்பே வந்துவிட்டது. ரிக்கியிடம் அந்தப் படிப்பு இல்லை. அவன் துரத்தலை ஒரு சினிமாவாக எண்ணிக்கொள்கிறான். பார்த்த படங்களிலிருந்து வீரவசனம் பேசுகிறான். ஜூலியன் டெனிசன் என்ற அந்தப் பையன் இதை மிக அழகாகச் செய்கிறான், மறுக்கவில்லை. ஆனால் படத்தின் சிரிப்பு அவனுடைய பயமின்மையில் தங்கியிருக்கிறது. ஒரேயொரு இடத்தில் மட்டும் மறைப்பு விலகுகிறது. தன்னோடு பராமரிப்பில் இருந்த அம்பர் என்ற பெண்பிள்ளை செத்துப்போனதைப் பற்றி ஹெக்குக்குச் சொல்கிறான். தங்களை இடம் இடமாக மாற்றிக்கொண்டே இருப்பார்கள், ஏதாவது நடக்கும்வரை மாற்றுவார்கள் என்கிறான். அந்தக் குரல் படத்தில் வேறெங்கும் இல்லை. வைற்றீற்றி அதைக் கேட்டுவிட்டு, அடுத்த பகிடிக்குப் போய்விடுகிறார்.

இந்த இடத்தில் லெனார்ட் வூல்ஃபின் காட்டுக் கிராம நாவலை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1913இல் வெளிவந்தது. லெஸ்ரர் ஜேம்ஸ் பீரிஸ் அதைச் சிங்களத்தில் 'பெத்தேகம' என்று படமாக்கினார். வூல்ஃப் முதலில் யாழ்ப்பாணத்தில் உத்தியோகம் பார்த்து, பிறகு 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராக இருந்தவர். அவருடைய சிலிந்துவும் வேட்டைக்காரன். நாவல் பயத்தில்தான் தொடங்குகிறது. காட்டுக்குப் பயமில்லை என்று சொன்ன ஒரு வேட்டைக்காரனின் கதை முதல் அத்தியாயத்திலேயே வருகிறது. அவன் காட்டிலிருந்து உயிரோடு திரும்பவில்லை. சிலிந்துவுக்குச் சேனை அனுமதி மறுக்கப்படுகிறது, பொய் வழக்குப் போடப்படுகிறது. தான் வேட்டையாடுகிறவன் அல்ல, இவ்வளவு காலமும் வேட்டையாடப்பட்டவன் என்று அவனுக்கு ஒருநாள் விளங்குகிறது. காயம்பட்ட மிருகம் திரும்புவதுபோலத் திரும்பி, ஊர்த் தலைவனையும் கடன்கொடுத்தவனையும் சுடுகிறான். பிறகு தானே போய்ச் சரணடைகிறான்.

பயத்தை எழுதத் தெரிந்தவர் வூல்ஃப். ஆனால் அவர் சிலிந்துவை நீதவான் ஆசனத்திலிருந்து பார்க்கிறார். இரக்கத்தோடுதான் பார்க்கிறார். இருந்தாலும் அந்த உயரத்திலிருந்து சிலிந்துவுக்குச் சிரிக்க வராது. அவன் யாரையும் கிண்டல் செய்யமாட்டான், பிறந்தநாள் கொண்டாடமாட்டான், நாய்க்கு ரூபாக் என்று பேர் வைக்கமாட்டான். ரிக்கி இதெல்லாம் செய்கிறான். துரத்தப்படுகிறவனுக்கு ஒரு வாயாடித்தனத்தைக் கொடுத்ததுதான் வைற்றீற்றியின் சாதனை என்று எனக்குப் படுகிறது. எங்களுடைய புலம்பெயர் கதைகளைப் புரட்டிப் பாருங்கள். எல்லைகளைக் களவாகக் கடந்தவர்கள், கொள்கலனுக்குள் மூச்சடக்கி இருந்தவர்கள் எல்லாம் வருகிறார்கள். ஒருவனும் பகிடி விடுவதில்லை. நேரில் சந்தித்தால் அதே ஆட்கள் அதே பயணத்தைச் சொல்லி எங்களை வயிறு நோகச் சிரிக்கவைப்பார்கள். எழுத உட்கார்ந்ததும் முகத்தை மாற்றிக்கொள்கிறோம்.

எங்களிடமும் ஒரு வேட்டைக்காரன் இருக்கிறான். அ. பாலமனோகரனின் 'நிலக்கிளி'யில் வரும் கதிராமன். 1973இல் வீரகேசரி வெளியிட்ட நாவல், களம் தண்ணிமுறிப்பு. அவன் காட்டுக்குள் நடக்கும்போது யாரும் வழிமறித்து நீ யார் என்று கேட்பதில்லை. நாவலின் பிரச்சினைகள் வீட்டுக்குள்ளும் மனதுக்குள்ளும் இருப்பவை. 1984 மார்கழியில் அந்தப் பக்கத்துக் கிராமங்கள் பல வெறுமையாக்கப்பட்டன. இன்று அதை வாசிக்கிறபோது கதிராமனுடைய நடையே எனக்குப் பெரிய விஷயமாகத் தெரிகிறது. எழுதியவருக்கு அன்று அது விஷயமாக இருந்திருக்க நியாயமில்லை.

மறுபடி படத்துக்கு. அரசை வைற்றீற்றி பவுலா என்ற ஒரு பெண் அதிகாரியாகச் சுருக்கிவிட்டார். ரேச்சல் ஹவுஸ் அவளை ஒரு பெருங்கோமாளியாக ஆக்குகிறார். எந்தப் பிள்ளையையும் கைவிடமாட்டோம் என்ற சுலோகத்தைச் சொல்லிக்கொண்டே ஆயுதப் பொலிசையும் இராணுவத்தையும் ஒரு பையனுக்குப் பின்னால் விடுகிறாள். அங்கதம் என்ற அளவில் சரி. ஆனால் கோமாளியைப் பார்த்துச் சிரித்துவிட்டு நாங்கள் வீட்டுக்குப் போய்விடலாம். படம் வந்து எட்டு வருடம் கழித்து, 2024 ஆடியில், பராமரிப்பில் நடந்த துன்புறுத்தல் பற்றிய அரச விசாரணை ஆணைக்குழு தன் இறுதி அறிக்கையை வெளியிட்டது. 1950 முதல் 2019 வரை அரச, மத நிறுவனங்களின் பராமரிப்பில் இருந்தவர்கள் ஏறத்தாழ 655,000 பேர் என்றும், அவர்களில் சுமார் 200,000 பேர் துன்புறுத்தப்பட்டார்கள் என்றும் அது மதிப்பிடுகிறது. மாவோரிப் பிள்ளைகள் அளவுக்கு மீறி இதில் அகப்பட்டார்கள். அதே வருடம் கார்த்திகையில் பிரதமர் பாராளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். அம்பர் என்ற கற்பனைப் பிள்ளை அந்தக் கணக்குக்குள் வருகிறாள். பவுலா வரமாட்டாள். அந்த நிறுவனங்களை நடத்தியவர்கள் பெரும்பாலும் அமைதியானவர்கள், கோவைகளை ஒழுங்காக வைத்திருந்தவர்கள்.

விரியில் இருக்கிறவர்களுக்கு இது தூரத்து விஷயமல்ல. ரிக்கியை அனுப்பிவிடுவோம் என்று படத்தில் திரும்பத் திரும்ப மிரட்டுகிற சிறுவர் தடுப்பு நிலையம் மாதிரி ஒன்று, கொரோவாய் மனாக்கி, இங்கே விரியில்தான் இருக்கிறது. அதன் அயலில் பெண்கள் சிறை, 2015இல் திறந்த ஆண்கள் சிறை. களஞ்சியசாலைகளுக்கு வேலைக்குப் போகிற நாங்கள் தினமும் அந்த வேலிகளைக் கடந்து போகிறோம். ஒதுக்கீட்டில் வரும் அகதிகள் முதலில் தங்கும் மாங்கெரே நிலையமும் தூரமில்லை. படத்தை 'எங்கடை கதை' என்ற நண்பரிடம் நான் கேட்கவேண்டியிருந்தது இதுதான்: மாங்கெரேயில் வந்திறங்கிய எங்களை இந்த நாடு பெயரைக் கேட்டு, எழுதி, இனங்கண்டுகொண்டது. சில தெரு தள்ளி, இந்த மண்ணின் பிள்ளையை இனங்காணாமலே உள்ளே வைத்தது. இரண்டையும் ஒரே கதையாக்குவது அவனுடைய கதையை எடுத்து எங்களுடையதாக்கிக்கொள்வது.

பன்றியையும் பொசத்தையும் குடியேறிகளுக்கு உவமையாக்கி ஒரு கட்டுரை எழுதலாம் என்றும் ஒருவர் யோசனை சொன்னார். கொண்டுவந்தவர்களே பிறகு பீடை என்று பேர்வைத்துக் கொல்கிறார்கள், பொருத்தம் பிரமாதம் என்றார். அந்தப் பொசம் தின்ற குஞ்சுகளை அவர் பார்க்கவில்லை. உவமை சுலபமாகக் கிடைக்கிற இடத்தில் நான் கொஞ்சம் விலகி நிற்கவே விரும்புகிறேன்.

இப்போது இளைஞர்கள் சிலர் வயதானவர்களுக்காகப் படத்துக்குத் தமிழில் வசனவரி எழுதிக்கொண்டிருக்கிறார்கள். தலைப்பிலேயே நின்றுவிட்டது வேலை. 'வைல்டர்பீப்பிள்' ரிக்கி தானே கட்டிய சொல். ஆபிரிக்காவில் புல்லைத் தேடி ஆயிரமாயிரமாக இடம்பெயரும் வைல்டர்பீஸ்ற் என்ற விலங்கின் பேரிலிருந்து எடுத்தது. 'காட்டுமனிதர்' என்று ஒருவர் போட்டிருக்கிறார். அது சரிவராது, அதில் இடப்பெயர்வு இல்லை, பகிடியும் இல்லை. 'இடம்பெயர்ந்தோர்' என்று மற்றவர் சொன்னதை நான்தான் வேண்டாம் என்றேன். அந்தச் சொல்லை நிவாரண அட்டையில் பார்த்தவர்கள்தான் முன்வரிசையில் உட்காரப்போகிறார்கள். வாசகர்களிடம் நல்ல சொல் இருந்தால் எழுதி அனுப்புங்கள்.