ஹீலரின் கை சும்மா இருக்கலாமா?

‘ஃபைனல் ஃபேண்டஸி 14’ என்ற ஆன்லைன் கேமை ஆடுகிறவர்களுக்குள் பல வருடங்களாகத் தீராத வழக்கு ஒன்று உண்டு: ஹீலர் அடிக்க வேண்டுமா? “காப்பாற்றத்தானே இந்த ரோலை எடுத்தேன்” என்பது ஒரு கட்சி. “எல்லோரும் நன்றாக இருக்கும்போது கையைக் கட்டிக்கொண்டு நிற்பானேன்?” என்பது மறு கட்சி.

கணக்கு இரண்டாவது கட்சிக்குத்தான் சாதகம். எட்டுப் பேர் ஆடும் ரெய்டில் அடி தாங்கும் டேங்க் 2, ஹீலர் 2, தாக்கும் டிபிஎஸ் 4. கடினமான சண்டைகளில் குறித்த நேரத்துக்குள் பாஸை வீழ்த்தாவிட்டால் அது மொத்த அணியையும் ஒரே அடியில் முடித்துவிடும். ஹெச்பி (உயிர்ப்புள்ளி) நிறைந்திருப்பவருக்கு மேலும் போடும் ஹீல் முழுக்க வீண். பெரிய அடிகள் எப்போது விழும் என்பதும் பெரும்பாலும் முன்பே வகுத்த வரிசைதான்.

ஒயிட் மேஜ் என்ற ஹீலர் ஒருவரின் பத்து வினாடிகளைப் பார்ப்போம். டேங்கின் ஹெச்பி எழுபது சதவீதம். அவர்மேல் போட்ட ரீஜென் 3 வினாடிக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டிருக்கிறது. பெரிய அடிக்கு இன்னும் நேரமிருக்கிறது. பதறியவர் கியூர் 2 என்ற ஹீலைப் போடுவார். தேர்ந்தவர் கிளேர் போட்டுத் தாக்குவார். அடி விழுந்ததும், தாக்குதலுக்கு இடையிலேயே செருகக்கூடிய டெட்ராகிராமட்டனால் டேங்கைத் தூக்கிவிடுவார். ஆகவே நல்ல ஹீலரின் டேமேஜ் கணக்கு, அவர் எவ்வளவு அளந்து ஹீல் செய்தார் என்பதற்கும் சாட்சி.

கோளாறும் இங்கேதான் தொடங்குகிறது. ஒவ்வொரு கியூரும் இழந்த ஒரு கிளேர் என்று எண்ணப் பழகிவிட்டால், ஹீலருக்குத் தன் சொந்த வேலையே நஷ்டக் கணக்காகிவிடும். அடித்தது எண்ணாக நிற்கிறது. சாகாமல் தப்பியவருக்கு அப்படியொரு எண் இல்லை. முதல்முறை டன்ஜனுக்குள் வந்த புதியவரை “அடி, அடி” என்று விரட்டினால் டேங்க் செத்துவிழும். பழியும் அந்தப் புதியவர் தலையிலேயே விழும்.

அடிப்பதிலாவது சுவை உண்டா? ஆரம்ப வருடங்களில் கிளெரிக் ஸ்டான்ஸ் என்ற திறன் இருந்தது. அதைப் போட்டால் தாக்குதல் வலுக்கும், ஹீல் மெலியும். தப்பான நேரத்தில் போட்டவர் கண்முன்னே டேங்க் சரிவதைப் பார்க்க வேண்டியதுதான். கொடுமையான ஏற்பாடு, ஆனால் ஒவ்வொரு முறையும் யோசிக்க வைத்தது. 2017இல் வந்த ஸ்டார்ம்பிளட் விரிவாக்கம் அதன் பல்லைப் பிடுங்கியது. 2019இல் வந்த அடுத்த விரிவாக்கமான ஷேடோபிரிங்கர்ஸ் அதை நீக்கியதோடு, இன்னொரு ஹீலரான ஸ்காலரின் தாக்குதல் வகைகளையும் குறைத்தது. ஒயிட் மேஜுக்குப் பெரும்பாலும் மிஞ்சியது 30 வினாடிக்கு ஒருமுறை டயா என்ற தாக்குதல், இடையில் கிளேர், மறுபடி கிளேர். அணி தேறத் தேற அடி வாங்குவது குறையும். அதனால் ஹீலர் எவ்வளவு தேறுகிறாரோ அவ்வளவு சலிப்பும் ஏறும்.

இரண்டு வேலையையும் பிணைத்துப் பார்த்த முயற்சிகளும் உண்டு. 2021இல் வந்த சேஜ் என்ற ஹீலருக்குக் கார்டியா: தாக்கினாலே குறித்துவைத்தவருக்கு ஹெச்பி ஏறும். வசதிதான், ஆனால் தானாக நடப்பதில் யோசனைக்கு வேலை குறைவு. ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’டின் டிசிப்ளின் ப்ரீஸ்ட் என்ற ஹீலர் முதலில் தோழர்கள்மேல் அடோன்மென்ட் போட்டுவைத்து, பிறகு தாக்குதலாலேயே அவர்களைத் தேற்றுகிறார். அடி வரும் நேரம் தெரிந்தவருக்கு அது விருந்து. தெரியாதவருக்கு எல்லாம் காலம் கடந்தே நடக்கும். எனக்குச் சரியாகப்படுவது ஒயிட் மேஜின் லில்லி முறை. லில்லியைச் செலவழித்து மூன்று ஹீல் போட்டால் அஃப்ளேட்டஸ் மிசரி என்ற பெரிய தாக்குதல் கைக்கு வரும். காப்பாற்றியதற்காக இழந்த அடி திரும்பக் கிடைக்கிறது. எப்போது காப்பாற்றுவது என்ற முடிவும் ஆடுகிறவரிடமே இருக்கிறது.

கடினமான ரெய்டில் ஹீலரிடம் டேமேஜ் கேட்பது நியாயம். முதல் டன்ஜனில் கேட்பது அராஜகம். சலிப்பைத் தீர்க்கத் தாக்கும் பட்டன்களை மட்டும் கூட்டினால், ஹீலர் இன்னொரு டிபிஎஸ் ஆவதுதான் மிச்சம். எதிர்பாராத அடிகளைக் கூட்டி, தேர்ந்த அணிக்கும் ஹீல் தேவைப்படும்படி சண்டைகளை அமைத்தால், கிளேரா கியூரா என்று ஒவ்வொரு முறையும் யோசித்தே ஆகவேண்டும்.