புறநானூற்றிற் போரறம்

பண்டைத் தமிழர் அறப்போரே புரிந்தனர் என்னுங் கூற்று நம் மேடைகளிற் பலகாலும் முழங்கக் கேட்கின்றோம். அதற்குச் சான்றாகப் பெரிதும் எடுத்தாளப்படுவது புறநானூற்றின் 9ஆம் பாட்டாகும். பாண்டியன் பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியை நெட்டிமையார் பாடியது அது. ஆக்களும் பார்ப்பனரும் பெண்டிரும் பிணியுடையோரும் புதல்வரைப் பெறாதோரும் அம்பு பாயுமுன் அரண் சேர்க என முன்னறிவிக்கும் அறநெறி அதன்கண் போற்றப்படுகின்றது. அவ்வறத்தைக் குறைத்துக் கூறுதல் நம் கருத்தன்று. ஆயின், போரை எங்ஙனம் நடத்துவது என்பது ஒன்று. அதனைத் தொடங்குதல் தகுமோ என்பது பிறிதொன்று. முன்னதற்கு விடை கண்ட அளவில் பின்னதற்கும் விடை கண்டோமென மகிழ்வது பிழை.

முன்னதிலேனும் முழு விடை உளதோ? அதே புலவர் அதே மன்னனைப் பாடிய 15ஆம் பாட்டையும் உடன்வைத்து நோக்குக. பகைவர் தெருக்களிற் கழுதை பூட்டி உழுது பாழ்செய்தமையும், விளைவயலில் தேர் செலுத்தியமையும், காவற் குளங்களிற் களிறு படிவித்தமையும் ஆண்டுப் புகழாகவே கூறப்படுகின்றன. அரண் சேர்ந்த பிணியாளர் மீண்டு வந்து எவ்வயலில் உண்பர்? மேடையோர் இப்பாட்டை ஏனோ நினைவு கூர்வதில்லை.

13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த தோமஸ் அக்குவைனாஸ், போர் நேரியதாதற்கு ஆள்வோன் ஆணை, தக்க காரணம், நல்ல நோக்கம் ஆகிய மூன்றும் வேண்டுமென்றார். தொல்காப்பியர் வஞ்சித்திணைக்கு அடிப்படையாகக் கூறுவது மண்ணாசை. அவ்வாசை பகைவனுடையதெனிற் படையெடுப்போன் பேராசையைத் தடுப்பவனாவான். இருவர்க்கும் உரியதெனின் தக்க காரணம் என்பதற்கு ஆங்கு இடமில்லை. இலக்கண நூல் உள்ளதைக் கூறுமேயன்றித் தீர்ப்பளிக்காது.

காரணத்தை வினவியவர் கோவூர்கிழார். நெடுங்கிள்ளி உறையூரில் அடைத்திருக்க, நலங்கிள்ளி அதனை முற்றியிருந்த காலத்துப் பாடிய 45ஆம் பாட்டில், எதிர்நிற்பவன் பனையோ வேம்போ சூடியவனல்லன், இருவர் கண்ணியும் ஆத்தியே என்கிறார். யார் தோற்பினும் தோற்பது சோழர் குடி என இடித்துரைக்கின்றார். வேந்தன் முன்னின்று இவ்வாறு கூறிய துணிவு வியத்தற்குரியது. எனினும் வேம்பு சூடியவன் எதிர்நின்றால் இவ்வினா எழுந்திருக்குமோ? 33ஆம் பாட்டிலே இவரே, நலங்கிள்ளி பாண்டிநாட்டில் ஏழெயிற் கதவம் எறிந்து புலி பொறித்ததைப் பாராட்டுகின்றார். ஆகவே 45ஆம் பாட்டின் அறம் குடிப்பற்றின் எல்லையைக் கடந்ததன்று.

அவ்வெல்லையைக் கடக்கும் பாட்டு 44ஆவது. ஆவூர் முற்றப்பட்டபோது உள்ளே அடைத்திருந்த நெடுங்கிள்ளியை நோக்கி, அறமுடையையாயிற் கதவைத் திற, மறமுடையையாயினும் திறந்து பொருக என்கிறார். பாலின்றி அழும் குழவியரும், பூவின்றி வறுந்தலை முடிக்கும் மகளிரும், உணவும் நீரும் இன்றி வருந்தும் களிறுகளுமே அவர் காட்டும் காரணம். அக்குழவியர் எக்கண்ணி சூடுங் குடியினர் என்பதை அவர் அங்கே கூறவில்லை.