ஷூவுக்குள் காவிரி

காலணி விமரிசனத்தில் காவிரிக்கரையின் சாதனையை யாரும் முறியடித்ததாகத் தெரியவில்லை. ஸ்ரீரங்கநாதரின் பாதுகைகளைப் பற்றி மட்டும் வேதாந்த தேசிகர் 1008 ஸ்லோகங்கள் எழுதியிருக்கிறார். ‘பாதுகா ஸஹஸ்ரம்’. ஒரே ராத்திரியில் எழுதினார் என்பது ஐதீகம். அத்தனையும் பாராட்டு. நான் செய்யப்போவது நேர்மாறு. வாட்டர்ப்ரூஃப் ஷூவைக் கொஞ்சம் திட்டப்போகிறேன். அதே காவிரிக்கரைதான், இன்னும் கொஞ்சம் கிழக்கே.

ஐப்பசி, கார்த்திகையில் தஞ்சாவூர்ப் பக்கம் போய் வயல், வாய்க்கால்கரை, கோயில் என்று நாலு நாள் நடந்துவிட்டு வர ஆசைப்படும் நகரவாசிகள் இருக்கிறார்கள். நல்ல ஆசை. சம்பா பச்சைப்பசேலென்று நிற்கும். மழை நிற்காது. எனவே முதல் கேள்வி, என்ன ஷூ? கடைக்காரர் அட்டைப்பெட்டியைத் திறந்து மூன்று வரம் தருகிறார்: எடை குறைவு, தண்ணீர் உள்ளே வராது, வேர்வை வெளியே போய்விடும். விலை மட்டும் சாபம்.

முதல் வரம் நிஜம். காலில் ஒரு கிலோ முதுகில் ஐந்து கிலோவுக்குச் சமம் என்று மலையேறுபவர்களிடம் ஒரு கணக்கு உண்டு. எனவே லேசான ஷூவாக வாங்குங்கள். ஆட்சேபணை இல்லை.

மற்ற இரண்டில்தான் தகராறு. 1969-ல் பாப் கோர் என்கிற அமெரிக்கர், தோசைக்கல்லில் பூசுகிறார்களே, அந்த டெஃப்லான் ரகப் பொருளைச் சூடாக்கி வெடுக்கென்று இழுத்தார். அறுந்துவிடாமல் நுண்துளைகள் கொண்ட ஜவ்வாக நீண்டது. கோர்டெக்ஸ் பிறந்தது. அதன் துளைகளில் தண்ணீர்த் துளி நுழைய முடியாது, நீராவி நுழையும். அழகான ஐடியா. ஆனால் ஆவி சும்மா வெளியே கிளம்பாது. உள்ளே புழுக்கமாகவும் வெளியே குளிர்ந்து உலர்ந்தும் இருந்தால்தான் ஜோராகப் போகும். ஆல்ப்ஸ் மலையில் சரி. அடைமழைக்கால திருவையாற்றில் வெளியேயும் அதே புழுக்கம். ஆவி எங்கே போகும்? சாக்ஸிலேயே குடியிருக்கும்.

போகட்டும், மழையாவது உள்ளே வராதே என்பீர்கள். டெல்டாவில் தண்ணீர் ஷூவைத் துளைத்துக்கொண்டு வருவதில்லை. வாசல் வழியாக வருகிறது. மழையில் ஊறிய வரப்பு, எண்ணெய் தடவிய மாதிரி. ஒரு கால் வழுக்கி வயலில் இறங்கினால் கணுக்காலுக்கு மேல் சேறு. அதன் பிறகு நடப்பதுதான் வேடிக்கை. உள்ளே வரவிடாத அதே ஜவ்வு வெளியேயும் போகவிடாது. குடத்தின் தத்துவம். இரண்டு குடங்களை மாட்டிக்கொண்டு அடுத்த ஊர் வரை நடக்கவேண்டும். ராத்திரி முழுக்கக் காயவைத்தாலும் காலையில் ஈரமாக இருக்கும்.

இந்தப் பாடத்தை அமெரிக்க ராணுவம் இன்னொரு டெல்டாவில் கற்றுக்கொண்டது. வியட்நாம் போரில் சிப்பாய்களுக்குக் கொடுத்த ஜங்கிள் பூட்ஸில் மேல்பாகம் கேன்வாஸ் மாதிரித் துணி, பக்கவாட்டில் அடிப்பாகத்துக்குச் சற்று மேலே இரண்டு ஓட்டை. தண்ணீர் வரத்தான் போகிறது, வந்தது வெளியே போகட்டும் என்று விட்டுவிட்டார்கள். மீகாங் நெல்வயல்களில் இரண்டு மூன்று நாள் ஈரக்காலோடு நின்றவர்களின் தோல் வெளுத்து, ஊறி, நடக்க முடியாமல் போனதும் அங்கேதான். காலை ஈரமாக்காமல் இருப்பதைவிட, ஈரமான காலை ராத்திரியாவது காயவைப்பது முக்கியம்.

அப்புறம் களிமண். ‘கிரிப்’ என்று ஷூவின் அடியில் ஆழமாகப் பல் வெட்டியிருப்பதைப் பெருமையாகக் காட்டுவார்கள். பத்தே அடியில் பல்லிடுக்கெல்லாம் களிமண் அப்பி, வாங்கும்போது பார்த்த எடை இரண்டு மடங்காகிவிடும். அதிக ஆழமில்லாமல், இடைவெளி விட்டு வெட்டிய பல் மேல்.

கடைசியாக, கோயில். டெல்டாவில் நாலு தெரு நடந்தால் ஒரு கோபுரம். 1010-ல் ராஜராஜன் கட்டிமுடித்த பெரிய கோயிலிலிருந்து தாராசுரம் வரை எல்லா வாசலிலும் காலணியைக் கழற்றவேண்டும். ஒரு நாளைக்குப் பத்து தடவை குனிந்து முடிச்சு அவிழ்த்துப் பாருங்கள், பக்தி குறையும்.

அப்படியானால் உள்ளூர்க்காரர்கள் போடும் ஹவாய் செருப்பே போதுமா? எடை குறைவு, நொடியில் கழற்றலாம், உதறினால் காய்ந்தது. ஆனால் பின்னாலிருந்து சேற்றை வாரி முதுகு வரை கோலம் போடும். சேறு கவ்வினால் வார் பிய்ந்து கையில் வரும், அப்புறம் ஊக்குதான் கதி. நாள் முழுக்க நடக்க ஆகாது.

என் சிபாரிசு: குதிகாலுக்கு வார் வைத்த சாண்டல், அல்லது வலைத்துணி வைத்த லேசான சாதா ஷூ. மெல்லிய நைலான் சாக்ஸ் இரண்டு ஜோடி. ராத்திரி ஷூவுக்குள் பழைய தினத்தந்தியைக் கசக்கித் திணித்துவிடுங்கள், ஈரத்தைக் குடித்துவிடும். வாட்டர்ப்ரூஃப் ஷூவைக் கொடைக்கானலுக்கு வைத்துக்கொள்ளலாம்.

இதுவரை பேசியது நாலு நாள் வந்து போகிறவர்களின் காலைப் பற்றி. சீசன் முழுக்க அந்தச் சேற்றிலேயே நிற்கும் கால்கள் இருக்கின்றன. நடவு நடும் பெண்களுக்கு விரலிடுக்கெல்லாம் சேற்றுப்புண். மருதாணியை அரைத்துப் பூசிக்கொண்டு மறுநாளும் இறங்குகிறார்கள். கீழத்தஞ்சையில் பண்ணையாட்கள் செருப்புக் காலோடு மிராசுதார் தெருவில் நடக்க முடியாத காலம் இருந்தது. சாணிப்பாலையும் சவுக்கடியையும் எதிர்த்து 1940-களில் பி. சீனிவாசராவும் செங்கொடிச் சங்கமும் போராடியதெல்லாம் சரித்திரம். இன்று தெருவில் செருப்பு வந்துவிட்டது. வயலில் வரவில்லை. கம்பூட்ஸ் போட்டு இறங்கினால் சேறு கவ்விக்கொண்டு கால் மட்டும்தான் வெளியே வரும்.

முடியாத காரியமில்லை. ஜப்பானில் நாற்று நடுகிறவர்களுக்கென்றே மெல்லிய ரப்பரில், காலோடு ஒட்டினாற்போல முழங்கால் வரை பூட்ஸ் விற்கிறார்கள். அங்கே வைக்கோல் செருப்போடு உழைத்தவர்களுக்காக இஷிபாஷி ஷோஜிரோ 1923-ல் ரப்பர் அடி வைத்த மலிவான காலணியை விற்க ஆரம்பித்தார். 1931-ல் அவர் தொடங்கியதுதான் பிரிட்ஜ்ஸ்டோன் டயர் கம்பெனி.

நம்மிடம் என்ன குறைச்சல்? ஆம்பூரில் தைக்கிற ஷூ ஐரோப்பா போகிறது. சென்னையில் 1948 முதல் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஆடுதுறையில் 1922 முதல் நெல்லுக்கு ஆராய்ச்சி நடக்கிறது. இரண்டு நிலையத்துக்காரர்களும் ஒருநாள் சேர்ந்து நடவு வயலில் இறங்கி, அந்தப் பெண்களின் காலுக்கு அளவெடுக்கலாம். வெறுங்காலோடு இறங்குவது உத்தமம். என்ன தேவை என்பது பத்து நிமிஷத்தில் புரிந்துவிடும்.