காப்பகம் என்ற சொல்லும் கடற்கரை மக்களும்: மன்னார் வளைகுடாவில் உலக அமைப்புகளின் பரப்புரைப் பணி

மன்னார் வளைகுடா உயிர்க்கோளக் காப்பகம் என்பது இராமேசுவரத்தில் தொடங்கிக் கன்னியாகுமரி வரை நீளும் 10,500 சதுர கிலோமீட்டர் கடலும் கரையும் ஆகும். இந்திய அரசு இதனை 1989இல் அறிவித்தது. 2001இல் யுனெஸ்கோவின் உலக உயிர்க்கோளக் காப்பகங்களின் வரிசையில் இது இடம்பெற்றது. கடலிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் அபிராமத்திலோ கமுதியிலோ போட்டித் தேர்வுக்குப் படிக்கும் மாணவரைக் கேட்டால் இந்த ஆண்டுகளைத் தடுமாறாமல் சொல்லிவிடுவார். தீவுகள் 21 என்பதும் அவருக்குத் தெரியும். ஆனால் அந்த அறிவிப்பால் பாம்பன் கரையில் பாசி எடுக்கும் பெண்ணுக்கு என்ன மாறியது என்று கேட்டால் அவரிடம் பதில் இராது. பாடநூலில் அது இல்லை. உலக அமைப்புகளின் தகவல் பணி இக்கரையில் எதைச் சாதித்தது, எதைத் தவறவிட்டது என்பதற்கு இந்த இடைவெளியே நல்ல அளவுகோல்.

முதலில் சொல்லைப் பார்க்கலாம். குழந்தைகள் காப்பகம், முதியோர் காப்பகம், விலங்குகள் காப்பகம் என்று பழகிய காதுக்குக் 'காப்பகம்' என்றவுடன் ஒரு சுற்றுச்சுவரும் ஒரு காவலாளியும் நினைவுக்கு வருகின்றன. உள்ளே இருப்பது காக்கப்படவேண்டியது, வெளியே இருப்பவர் தள்ளி நிற்கவேண்டியவர். யுனெஸ்கோ 1971இல் 'மனிதனும் உயிர்க்கோளமும்' என்ற திட்டத்தைத் தொடங்கியபோது முன்வைத்த கருத்து ஏறக்குறைய இதற்கு நேர் எதிரானது. மையப் பகுதி, அதைச் சூழ்ந்த இடைப் பகுதி, அதற்கும் வெளியே மக்கள் வாழ்ந்து தொழில் செய்யும் மாறுநிலைப் பகுதி என மூன்று வளையங்கள் அதில் உண்டு. மூன்றும் சேர்ந்ததுதான் காப்பகம். மீனவரும் அவருடைய வலையும் வத்தையும் அதற்குள் இருப்பவை. மொழிபெயர்ப்பில் இந்தப் பொருள் கரைந்துபோயிற்று. அதை மீட்டுச் சொல்லப் பரப்புரை எழுதியவர்கள் அதிகம் மெனக்கெடவில்லை.

சொல்லோடு நின்றிருந்தால் அகராதிக்காரர்களின் கவலையாகப் போயிருக்கும். சிக்கல் சட்டத்தில் இருக்கிறது. இந்தியாவின் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் உயிர்க்கோளக் காப்பகம் என்ற வகையே கிடையாது. தேசியப் பூங்கா உண்டு, சரணாலயம் உண்டு. மன்னார் வளைகுடாவின் தீவுகளையும் அவற்றை ஒட்டிய கடலையும் சேர்த்து 1986இல் கடல்வாழ் தேசியப் பூங்கா அமைந்தது. பரப்பு 560 சதுர கிலோமீட்டர். காப்பகத்தின் மையப் பகுதி இதுதான். ஆக, யுனெஸ்கோவின் பெயர்ப்பலகை மக்களையும் உள்ளடக்கிய ஓர் ஏற்பாட்டைப் பேசுகிறது. கரையில் இருப்பவர் எதிர்கொள்வதோ உள்ளே வராதே என்னும் பூங்காச் சட்டத்தை. குருசடைத் தீவை ஒட்டிப் பாசி எடுக்கப் போகிறவரை வனத்துறைப் படகு மறிக்கும்போது 'மனிதனும் உயிர்க்கோளமும்' அங்கே துணைக்கு வருவதில்லை.

இதற்கு யுனெஸ்கோவைக் குறை சொல்வது நியாயமா என்று கேட்கலாம். காப்பகத்தை நடத்துவது மாநில அரசு. யுனெஸ்கோ பட்டியலில் சேர்க்கும் அமைப்பு, அவ்வளவே. ஒப்புக்கொள்ளவேண்டிய வாதம்தான். என்றாலும் தான் சூட்டிய பெயருக்குப் பொருள் என்ன என்று அந்தப் பெயரின்கீழ் வாழ்கிறவர்களுக்கு விளக்குவது வேறு யாருடைய வேலையும் அன்று. புது தில்லியில் 1948 முதல் இயங்கிவரும் அதன் அலுவலகம் இந்தியாவோடு அண்டை நாடுகளையும் கவனிக்கிறது. அதன் பணிமொழி ஆங்கிலம். தில்லியில் ஆங்கிலத்தில் எழுதப்படுவது சென்னையில் அரசுத் தமிழாகி, இராமநாதபுரத்தில் சுவரொட்டியாகும்போது எஞ்சுவது ஆமைப் படமும் ஒரு முழக்கமும்தான்.

இந்தத் தொலைவைக் குறைக்க ஒரு பெரிய முயற்சி நடந்தது என்பதையும் சொல்லவேண்டும். உலகச் சுற்றுச்சூழல் நிதியத்தின் உதவியுடன் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டம் 2002 முதல் பத்தாண்டுக் காலம் இங்கே ஒரு திட்டத்தை நடத்தியது. தமிழ்நாடு அரசு அமைத்த மன்னார் வளைகுடா உயிர்க்கோளக் காப்பக அறக்கட்டளை இராமநாதபுரத்திலிருந்தே அதைச் செயல்படுத்தியது. கடலோரக் கிராமங்களில் சூழல் மேம்பாட்டுக் குழுக்கள் உருவாயின. மாற்றுத் தொழிலுக்குக் கடன் கிடைத்தது. பள்ளிகளில் நிகழ்ச்சிகள் நடந்தன. தில்லியிலிருந்து வந்த அறிக்கைகளைவிட இது கரைக்கு மிக அருகில் வந்த பணி. ஆனாலும் அதன் நடுச்சொல் 'விழிப்புணர்வு' என்பதாகவே இருந்தது. விழிப்பு ஊட்டவேண்டும் என்றால் எதிரே இருப்பவர் உறங்குகிறார் என்று முன்கூட்டியே முடிவாகிவிடுகிறது.

உறங்குகிறவர்கள் யார் என்று பார்த்தால் வியப்பாக இருக்கும். பாசி எடுக்கும் பெண்கள் விரல்களில் துணி சுற்றி, கண்ணாடி மாட்டி மூச்சடக்கி மூழ்குகிறார்கள். மரிக்கொழுந்துப் பாசி எது, கட்டக்கோரை எது, கஞ்சிப் பாசி எது என்று நீருக்குள் கையே சொல்லிவிடும். எந்தப் பாரில் எது மீண்டும் எவ்வளவு நாளில் தழைக்கும் என்பதும் தெரியும். மாதத்தில் 12 நாள் மட்டும் எடுப்பது, பாசி பெருகும் பருவத்தில் கடலை விட்டுவிடுவது என்று அவர்களே கட்டுப்பாடு வகுத்துக்கொண்டார்கள். இந்தப் பெண்களை ஒன்றுதிரட்டிய சின்னப்பாலம் இலட்சுமிக்கு 2015இல் அமெரிக்காவைச் சேர்ந்த சீக்காலஜி அமைப்பு விருது வழங்கியது. தீவுகளைக் காக்கும் பணிக்காக உலக அளவில் தரப்படும் விருது அது. அதே தொழில், பூங்காச் சட்டத்தின் கண்ணில் அத்துமீறல்.

கடல் அட்டையின் கதை இன்னும் கசப்பானது. யுனெஸ்கோ பட்டியலில் மன்னார் வளைகுடா சேர்ந்த அதே 2001இல்தான் கடல் அட்டை வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்ந்தது, புலியும் யானையும் இருக்கும் அட்டவணை அது. உலகத்துக்கு 2001 பெருமைக்குரிய ஆண்டு. கீழக்கரையிலும் வேதாளையிலும் அட்டைத் தொழிலை நம்பியிருந்த குடும்பங்களுக்கு அது தொழில் போன ஆண்டு. வளைகுடாவின் மறு கரையில், இலங்கையில், உரிமம் பெற்று அதையே எடுக்கலாம். ஒரே கடல், இரண்டு நீதி என்று மீனவர் கேட்பதில் பிழையில்லை. தடை தேவையா இல்லையா என்பது உயிரியல் அறிஞர்களின் வாதத்துக்குரியது. தகவல் பணியின் கோணத்தில் கேள்வி எளிது: தடை ஏன், எந்தக் கணக்கின்மேல், எதுவரை? அட்டவணையில் சேர்ந்தது குற்றம் என்று மட்டும் சொல்லும் தட்டி, இந்த மூன்றுக்கும் பதில் தராது. அதைச் செய்தி என்று சொல்வதைவிட எச்சரிக்கை என்று சொல்வதே பொருந்தும்.

உலக அமைப்புகளுக்கு வேறு விதமாகப் பேசத் தெரியாதா என்றால், தெரிந்திருந்த காலமும் உண்டு. 1948இல் தொடங்கிய 'யுனெஸ்கோ கூரியர்' இதழுக்கு 1967இல் தமிழ்ப் பதிப்பு வந்தது. மணவை முஸ்தபா அதன் ஆசிரியராக நெடுங்காலம் பணியாற்றினார். அறிவியலையும் உலகப் பண்பாட்டையும் மாதந்தோறும் தமிழில் சொல்லவேண்டிய நெருக்கடியிலேயே அவருடைய கலைச்சொல் உழைப்பு வளர்ந்து, பின்னாளில் அறிவியல் களஞ்சியங்களாக விரிந்தது. படித்த வாசகருக்கான இதழ்தான்; பாம்பன் கரைக்கு அது வந்திருக்காது. ஆனால் தமிழ் வாசகரை அது சமமானவராக நடத்தியது. உணவு வேளாண்மை நிறுவனத்தின் வங்காள விரிகுடாத் திட்டம் 1979 முதல் சென்னையில் இயங்கியது. 1980களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டு மீனவருக்கான முதியோர் கல்வியில் அது இறங்கியது. மீனவரின் வாழ்வையே பாடமாக்க முயன்ற பணி அது. இன்றைய வண்ணத் துண்டறிக்கைகளோடு ஒப்பிட்டால் பழையது பின்தங்கியதாகத் தெரியவில்லை.

2016இல் பாம்பனில் தொடங்கிய 'கடல் ஓசை' சமுதாய வானொலி மற்றொரு வழியைக் காட்டியது. கரையில் உள்ளவர்களே 90.4 அலைவரிசையில் காற்றையும் கடலின் நிலையையும் பேசினார்கள். கச்சான் என்றால் கச்சான்தான். அடைப்புக்குறிக்குள் விளக்கம் தேவைப்படவில்லை. பரப்புரைத் தாள்களில் 'கடற்பசு' என்று அச்சாகும் உயிரைப் பாக்கு நீரிணை மீனவர் 'ஆவுளியா' என்கிறார்கள். 2022இல் அதற்காக 448 சதுர கிலோமீட்டரில் தமிழ்நாடு அரசு ஒரு பாதுகாப்பகத்தை அறிவித்தது. அங்கும் முதலில் கரைக்கு வந்தது 'பாதுகாப்பகம்' என்ற சொல்தான்.

செய்யக்கூடியது என்ன என்று கேட்டால் பெரிய நிதி எதுவும் வேண்டாத ஒன்றைச் சொல்லலாம். பூங்காவின் எல்லை, இடைப் பகுதி, தொழில் செய்யத் தடையில்லாத கடல் ஆகியவற்றை மீனவர் வழங்கும் பார்களின் பெயர்களோடு குறித்த தமிழ் வரைபடம் ஒன்று. அட்சக்கோட்டு எண்களுக்குப் பதிலாக, கரையிலிருந்து கண்ணுக்குத் தெரியும் கோயில் கோபுரமும் கலங்கரை விளக்கமும் அதில் அடையாளமாக இருக்கவேண்டும். வலை போடுகிறவர் இன்றும் அப்படித்தான் இடம் கணிக்கிறார். அந்த வரைபடத்தில் யுனெஸ்கோவின் முத்திரை இருந்தால், இராமேசுவரம் கரையில் அந்த முத்திரை முதன்முறையாக ஒரு வேலைக்குப் பயன்படும்.